நம்ம டெல்டா எழுத்தாளர்களும் நம்ம பசங்க எழுத்தும்: லைப்ரரி கவுன்ட்டர்ல அடிக்கடி கேக்குற கேள்விகள்

வருஷா வருஷம் ஆகஸ்ட்ல எங்க காலேஜ் லைப்ரரியில பத்து நாள் ஒரு விழா நடத்துறோம். காவிரி டெல்டாவுல பொறந்த, வாழ்ந்த எழுத்தாளர்களோட புத்தகங்களையும் எங்க பசங்க எழுதினதையும் சேர்த்து வெச்சு, வாசிச்சு, பேசி, ரிஜிஸ்டர்ல ஏத்துற விழா. இந்த பத்து நாளும் கவுன்ட்டர்ல நின்னா ஒரே கேள்விக்கு இருபது தடவ பதில் சொல்ல வேண்டியிருக்கு, அவசரத்துல பாதி சொல்லி பாதி விட்டுடுறேன், அதனால எல்லாத்தையும் இங்க எழுதி வெக்குறேன். நான் இந்த லைப்ரரியில வேலை பாக்குறவ. பசங்க என்னை மேம்னு கூப்பிடுவாங்க, ஊர்க்காரங்க லைப்ரரிம்மான்னு கூப்பிடுவாங்க, ரெண்டும் எனக்குப் பிடிக்கும்.

இது புத்தகக் கண்காட்சியா மேம்? டிஸ்கவுன்ட் உண்டா?

விக்கிறதே கிடையாதுங்க. ரீடிங் ஹால்ல நடுவுல இருக்குற நீள மேஜைய காலி பண்ணி, ஒரு பக்கம் நம்ம பக்கத்து எழுத்தாளர்களோட புத்தகம், இன்னொரு பக்கம் பசங்க எழுதி பைண்ட் பண்ணின தொகுப்பு, அவ்வளவுதான். எடுத்துப் படிக்கலாம், லைப்ரரி கார்டு இருந்தா வீட்டுக்கும் எடுத்துட்டுப் போகலாம். மத்தியானம் மூணு மணிக்கு மேல வாசிப்பு நடக்கும், ஒருத்தர் அவங்க எழுதினத சத்தமா படிப்பாங்க, மத்தவங்க கேப்பாங்க. மைக் வேண்டாம்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். மைக்கப் பாத்தாலே நம்ம பசங்களுக்கு மேடைப்பேச்சு வந்துடுது, எழுதினத படிக்காம "வந்தாரை வரவேற்கும்"னு ஆரம்பிச்சுடுறாங்க.

ஏன் ஆகஸ்ட் 12-ல ஆரம்பிக்குறீங்க?

அன்னைக்கு தேசிய நூலகர் தினம். இந்திய நூலகத் துறையோட தந்தைன்னு சொல்ற எஸ்.ஆர். ரங்கநாதன் நினைவா கொண்டாடுற நாள், அவர் 1892-ல பொறந்தது எங்கன்னு நெனைக்குறீங்க, நம்ம சீர்காழிங்க. லைப்ரரி சயின்ஸ் படிக்குறவங்க உலகம் முழுக்க அவரோட ஐந்து விதிகளப் படிக்குறாங்க, 1931-ல எழுதினது. சீர்காழி பஸ்ஸுல தெனமும் வந்து போற பசங்களுக்கு அது தெரியாது. நானே எம்.லிப் படிக்கும்போதுதான் தெரிஞ்சுக்கிட்டேன், அதுவரைக்கும் எனக்கு சீர்காழின்னா சட்டநாதர் கோயில்தான்.

அதே 1931-ல மன்னார்குடி பக்கத்துல மாட்டுவண்டியில புத்தகத்த அடுக்கி கிராமம் கிராமமா ஓட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. வண்டி வந்து நிக்கும், ஆளுங்க புத்தகம் எடுத்துப்பாங்க, அடுத்த தடவ வரும்போது திருப்பிக் குடுப்பாங்க. நாட்டுலயே நடமாடும் நூலகத்துக்கு முன்னோடின்னு அதைத்தான் சொல்றாங்க. ரோடு சரியில்லாத, படிச்சவங்க கம்மியா இருந்த காலத்துல, நெல்லு மூட்டை ஏத்துற வண்டியில புத்தகம் ஏத்தணும்னு இந்த மண்ணுல ஒருத்தங்களுக்குத் தோணியிருக்கு பாருங்க. எனக்கு அந்த வண்டிய நெனச்சா இப்பவும் தொண்டை அடைக்கும்.

உள்ளூர் எழுத்தாளர்னு யாரையெல்லாம் வெச்சிருக்கீங்க?

கணக்கு ரொம்ப சிம்பிள், காவிரித் தண்ணி பாயுற ஊர்ல பொறந்தவங்க, இல்லைன்னா இங்க வந்து வாழ்ந்து எழுதினவங்க. ஆனா எடுத்து வெக்க ஆரம்பிச்சா மேஜை பத்தாது.

கும்பகோணத்துலேர்ந்தே ஆரம்பிக்கிறேன். ந. பிச்சமூர்த்தி 1900, கு.ப. ராஜகோபாலன் 1902, ரெண்டு பேருமே கும்பகோணம், ரெண்டு பேரையும் சேர்த்து கும்பகோணம் இரட்டையர்னே சொல்லுவாங்க. ஒருத்தர் தமிழ்ல புதுக்கவிதைக்கு வழி போட்டவர், இன்னொருத்தர் சிறுகதைய அவ்வளவு சின்னதா, அவ்வளவு மென்மையா எழுதினவர், 42 வயசுலயே போயிட்டார். அப்பறம் எம்.வி. வெங்கட்ராம், பட்டு ஜரிகை வியாபாரம் பண்ணின சௌராஷ்ட்ரக் குடும்பம், 'காதுகள்' நாவலுக்கு 1993-ல சாகித்ய அகாடமி. தறி சத்தம் கேட்டு வளந்த பசங்க எங்க காலேஜ்ல நெறைய பேர் இருக்காங்க, அவங்ககிட்ட 'வேள்வித் தீ' நாவல குடுத்து இது உங்க தெருக் கதைதான்னு சொன்னா கண்ணு விரியும். மன்னார்குடி பக்கம் தேவங்குடியில பொறந்த தி. ஜானகிராமன் 1921, அவர் படிச்சது கும்பகோணத்துல, 'மோகமுள்'ள வர்ற கும்பகோணத்த இன்னைக்கும் தெருத் தெருவா நடந்து பாக்கலாம். காவிரிக் கரையோடவே போயி எழுத்தாளர் சிட்டியும் அவரும் சேர்ந்து 'நடந்தாய் வாழி காவேரி'ன்னு ஒரு பயண நூலே எழுதியிருக்காங்க. நம்ம ஊர் ஆத்தப் பத்தி அசைன்மென்ட் எழுதுறவங்க முதல்ல எடுக்க வேண்டியது அதுதான்.

மாயவரம், அதாவது இப்பத்த மயிலாடுதுறை பக்கம் போனா வேதநாயகம் பிள்ளை. பொறந்தது திருச்சி பக்கம், ஆனா முன்சீப்பா வேலை பாத்தது மாயூரம், ஊர் பேரு அவர் பேரோடயே ஒட்டிக்கிச்சு. தமிழ்ல முதல் நாவல்னு சொல்ற 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல வந்தது. கல்கி பொறந்த புத்தமங்கலம் அந்தப் பக்கம்தான். சா. கந்தசாமியோட 'சாயாவனம்' காட்ட அழிச்சு கரும்பாலை கட்டுற கதை, சுற்றுச்சூழல்ங்கற வார்த்தை பாடப்புத்தகத்துல வர்றதுக்கு முன்னாடியே எழுதினது. கவிஞர் ஞானக்கூத்தன் திருஇந்தளூர்.

தஞ்சாவூர் பக்கம் தஞ்சை ப்ரகாஷ், சி.எம். முத்து. திருவாரூர் பக்கம் சோலை சுந்தரபெருமாள், கீழ்வெண்மணிய வெச்சு 'செந்நெல்' எழுதினவர். அதே வெண்மணியத்தான் இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புன'லா எழுதி 1977-ல அகாடமி வாங்கினார். 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேர் எரிஞ்ச ஊருங்க அது. இந்த ரெண்டு நாவலையும் நான் பக்கத்துல பக்கத்துல வெப்பேன். ஒண்ணு அந்த ஊர் மண்ணுக்குள்ளேர்ந்து எழுதினது, இன்னொண்ணு டெல்லியிலேர்ந்து பாத்து எழுதினது, ரெண்டையும் படிச்சுட்டு வந்து என்கிட்ட சண்டை போடுற பசங்க உண்டு, அந்த சண்டைக்காகவே வெக்குறேன்.

விட்டுப் போனவங்க நெறைய பேர் இருக்காங்க, கோவிச்சுக்காம வந்து பேரு சொல்லுங்க, அடுத்த வருஷம் சேர்த்துடுவோம்.

லிஸ்ட்ல பொம்பளைங்களே இல்லையே மேம்?

இந்தக் கேள்விய மூணு வருஷம் முன்னாடி பி.ஏ. ரெண்டாவது வருஷப் பொண்ணு ஒருத்தி மேஜை முன்னாடி நின்னு சத்தமா கேட்டா, எனக்கு பதில் இல்ல. வெக்கமா இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே தேட ஆரம்பிச்சேன்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், மாயவரத்துக்குப் பக்கத்து மூவலூர். கல்யாண உதவித் திட்டத்துல பேரு வந்ததால எல்லாருக்கும் பேரு மட்டும் தெரியும். அவங்க பொட்டுக்கட்டுற வழக்கத்த, அதாவது பொண்ணுங்கள கோயிலுக்கு தேவதாசியா விடுறத எதுத்துப் போராடினவங்க, அதே விஷயத்த வெச்சு 1936-ல ஒரு நாவலே எழுதினவங்க. 'தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்'. அந்த சிறைக்குள்ளயே வளந்து, வெளிய வந்து, மத்தவங்களையும் வெளிய இழுக்க எழுதினது.

நாகூர் சித்தி ஜுனைதா பேகம். பள்ளிக்கூடம் போனது மூணாங்கிளாஸ் வரைக்கும்தான். 1938-ல 'காதலா? கடமையா?'ன்னு நாவல் எழுதுறாங்க, அதுக்கு முன்னுரை குடுத்தது உ.வே. சாமிநாதையர். மூணாங்கிளாஸ் படிச்ச இருபத்தியோரு வயசு முஸ்லிம் பொண்ணு நாகூர்ல உக்காந்து நாவல் எழுதி, தமிழ்த் தாத்தா அதப் படிச்சு முன்னுரை எழுதியிருக்காரு. இத சொன்னதுக்கப்பறம் எங்க காலேஜ்ல எழுத வர்ற பொண்ணுங்க எண்ணிக்கை கூடிப்போச்சு, இப்ப வாசிப்புக்குப் பேரு குடுக்குறதுல பாதிக்கு மேல அவங்கதான். கேள்வி கேட்ட பொண்ணு இப்ப பி.எட். படிக்குறா, ஒவ்வொரு ஆகஸ்ட்டும் வந்துடுவா.

பசங்க எழுதினத போயி தி.ஜா. பக்கத்துல வெக்குறது சரியா?

இத பசங்க கேக்க மாட்டாங்க, ஸ்டாஃப் ரூம்லேர்ந்துதான் வரும். மரியாதையா கேக்குறாங்க, நானும் மரியாதையாவே சொல்றேன்.

முன்னாடி நான் வேலை பாத்த ஒரு காலேஜ்ல லைப்ரரிய புது பில்டிங்குக்கு மாத்தினாங்க. பழைய ஸ்டோர் ரூம்ல அம்பது வருஷத்து காலேஜ் ஆண்டு மலர் கட்டுக்கட்டா கெடந்துச்சு. பாடப்புத்தகம் இல்ல, யாரும் எடுக்குறது இல்ல, எடம் அடைக்குதுன்னு பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுட்டாங்க. நான் லீவுல இருந்தேன். திரும்பி வந்து கேட்டு கடைக்கு ஓடினா லோடு ஏத்திப் போயாச்சு. ஒரே ஒரு மலர் மட்டும் தராசுக்குக் கீழ கெடந்துச்சு, அட்டை இல்ல. அதுல ஒரு பையன் எழுதின கவிதை, கர்நாடகத்துல தண்ணி விடாத வருஷம், அப்பா வெடிச்ச வயல்ல குந்தியிருக்குறத எட்டு வரியில எழுதியிருந்தான். பேரு இருந்த பக்கம் கிழிஞ்சுபோச்சு. அந்த அண்ணன் யாரு, இப்ப எங்க இருக்காரு, மேல எழுதினாரா, எதுவுமே இனிமே கண்டுபிடிக்க முடியாது. அந்த எட்டு வரி இன்னும் என் பீரோவுல இருக்கு.

பெரிய எழுத்தாளர் யாரும் பெரிய எழுத்தாளரா ஆரம்பிக்கலைங்க. கலைஞர் திருவாரூர்ல பள்ளிக்கூடம் படிக்கும்போது 'மாணவ நேசன்'னு கையாலயே எழுதி ஒரு பத்திரிகை நடத்தினாரு, கட்சி எதுவா இருந்தாலும் இது நடந்த விஷயம். அந்த கையெழுத்துப் பிரதிய அன்னைக்கு எந்த லைப்ரரியும் வாங்கி வெச்சிருக்க மாட்டாங்க, ஸ்கூல் பையன் கிறுக்கல்னு சொல்லியிருப்பாங்க. எந்தப் பையனோட நோட்டு அப்படி ஆகும்னு எனக்கு முன்கூட்டியே தெரியாது. அதோட, எதுவும் ஆகலைன்னாலும் பரவால்ல. அந்த வருஷம் அந்த ஊர்ல ஒரு இருபது வயசுக்காரன் என்ன நெனச்சான்ங்கறதுக்கு வேற சாட்சி கிடையாது. ரங்கநாதன் விதியில ஒண்ணு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர் உண்டுன்னு சொல்லுது. புத்தகத்த எடைக்குப் போட்டுட்டா அந்த வாசகர் வந்து நிக்கும்போது நான் என்ன பதில் சொல்றது?

அதனால ஒரே மேஜைதான். இதுல நான் எறங்கி வர்றதா இல்ல.

நான் எழுதிக் குடுத்தா அது என்னாகும்? விழா முடிஞ்சதும் தூக்கிப் போட்டுடுவீங்களா?

மாட்டோம். துறைவாரியா சேர்த்து ரெண்டு காப்பி பைண்டிங். ஒண்ணு ரெஃபரன்ஸ்ல, ஒண்ணு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு. லைப்ரரிக்கு வர்ற எல்லா புத்தகத்தையும் பதியுற அதே அக்செஷன் ரிஜிஸ்டர்ல நம்பர் போட்டு, சீல் குத்தி, முதுகுல லேபிள் ஒட்டி, புத்தகத்த பொருள்வாரியா நம்பர் போட்டு பிரிக்குற ட்யூவி முறையில தமிழ் இலக்கியத்துக்கு வர்ற 894.811-லயே அடுக்குறோம். கம்ப்யூட்டர் கேட்டலாக்ல உங்க பேர அடிச்சா ராக் நம்பரோட வரும். போன வருஷம் ஒரு பையன் அவன் அம்மாவ கூட்டிட்டு வந்து கேட்டலாக்ல பேரு அடிச்சுக் காமிச்சான், அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஸ்க்ரீன்ல எந்த எடம் அவன் பேருன்னு கேட்டு அங்க வெரல வெச்சுப் பாத்தாங்க.

கேட்டலாக்ல ஏத்துறதுக்கு முழுப் பேரு, இனிஷியல், ஊரு கண்டிப்பா வேணும். காலேஜ்ல ரம்யா மட்டும் பதினோரு பேர் இருக்காங்க.

எதப் பத்தி எழுதணும்? டாபிக் குடுங்க மேம்.

குடுக்குறது இல்ல. ஒரு வருஷம் குடுத்தோம், "நூலகத்தின் பயன்கள்"னு, நாப்பது கட்டுரை வந்துச்சு, நாப்பதும் ஒரே கட்டுரை. அதோட விட்டோம்.

அதுக்கு பதிலா வீட்டுல, தெருவுல, வயல்ல நீங்க மட்டும் பாத்தது எதுன்னு யோசிங்க. வந்ததுல எனக்கு மறக்காதது சிலத சொல்றேன். ஒரு பொண்ணு அவ ஆத்தா நடவுக்குப் போற குழுவப் பத்தி எழுதினா, யாரு எந்த வரிசை, முந்தானைய எப்படி சொருகுவாங்க, டீ வர்ற நேரத்துல வரப்புல யாரு யாரு பக்கத்துல குந்துவாங்க குந்த மாட்டாங்க, இப்ப மெஷின் நடவு வந்ததுக்கப்பறம் அந்த குழு எப்படி கலைஞ்சு திருப்பூர் போச்சு. நாலே பக்கம்தான். இன்னொரு பையன் நெல் கொள்முதல் நிலையத்துல அவன் அப்பாவோட பதினாலு நாள் காவல் கெடந்தத எழுதினான், தார்ப்பாய்க்கு மேல மழை, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா எடுக்க மாட்டாங்க, ராத்திரி மூட்டை மேலயே தூக்கம், மொளைச்ச நெல்லோட வாசனை. அந்த வாசனைய எழுதின பாராவ படிச்சப்ப ஹால்ல ஒரு சத்தம் இல்ல, ஏன்னா எல்லார் வீட்டுலயும் அந்த வாசனை இருக்கு.

நாகப்பட்டினம் பக்கத்து மீனவப் பொண்ணு ஒருத்தி சுனாமி பத்தி எழுதினா. 2004-க்கு அப்பறம் பொறந்தவ, அவ பாக்கவே இல்ல. பாக்காத ஒண்ணு எப்படி வீட்டுக்குள்ள இன்னும் இருக்குன்னு எழுதினா, அலமாரியில ஒரு சின்ன சட்டை, அத யாரும் எடுக்க மாட்டாங்க, அது யாரோடதுன்னு அவளுக்குப் பத்து வயசுலதான் சொன்னாங்க. அக்கா ஒருத்தி இருந்தாங்கறதே அவளுக்கு அப்பதான் தெரிஞ்சிருக்கு. கஜா புயல பத்தி வேதாரண்யம் பசங்க நெறைய எழுதுறாங்க, 2018-ல அவங்கல்லாம் ஸ்கூல் படிச்சாங்க, விழுந்த தென்னைய எண்ணின கணக்கு ஒவ்வொருத்தன்கிட்டயும் இருக்கு.

காதல் கவிதையும் வரலாம், தடை இல்ல. நெலாவ விட்டுட்டு, அவ ஏறுற பஸ் ஸ்டாப்ப எழுதுங்க.

பேச்சு வழக்குல எழுதலாமா? தமிழ் சார் மார்க் கொறைப்பாரே?

பரீட்சையில கொறைக்கலாம், இங்க மார்க்கே கிடையாது. தஞ்சை ப்ரகாஷ் நாவலுக்குப் பேரே 'கரமுண்டார் வூடு', வீடுன்னு போடல, வூடுன்னுதான் போட்டாரு. சி.எம். முத்து எழுதுறதப் படிச்சா தஞ்சாவூர் கிராமத்துத் திண்ணையில குந்திக்கிட்டு கேக்குற மாதிரியே இருக்கும். உங்க வூட்டுல எப்படி பேசுவாங்களோ அப்படி எழுதுங்க. நாத்தாங்கா, கடைமடை, கோட்டகம், தாளடி, அண்டை வெட்டுறது இதெல்லாம் எழுதும்போது விளக்கம் போட வேண்டாம், இங்க படிக்குற எல்லாருக்கும் தெரியும். தெரியாதவங்க கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்.

ஒண்ணே ஒண்ணு. கதைல வர்ற தாத்தா பேசுற தமிழும், கலெக்டர் ஆஃபீஸ் கிளார்க் பேசுற தமிழும் ஒரே மாதிரி இருந்தா நீங்க காது குடுக்கலன்னு அர்த்தம்.

எழுத்துப்பிழை இருந்தா?

குடுங்க. தமிழ்த் துறையில ரெண்டு பேர் உக்காந்து திருத்தித் தர்றாங்க, உங்கள பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் திருத்துவாங்க. ல, ள, ழ-வுக்கு பயந்துக்கிட்டு எழுதாம இருந்தவங்க எத்தனையோ பேர், அது பெரிய நஷ்டம்.

கையால எழுதிக் குடுக்கலாமா, டைப் பண்ணணுமா?

ரெண்டும் சரி. கையால எழுதினா ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும், இடது பக்கம் ரெண்டு வெரல் அளவு விட்டுடுங்க, பைண்டிங்குல எழுத்து உள்ள போயிடும். டைப் பண்ணினா யூனிகோட்ல பண்ணுங்க. கம்ப்யூட்டர் சென்டர்ல குடுத்து வானவில், பாமினின்னு பழைய ஃபான்ட்ல அடிச்சுட்டு வர்றாங்க, எங்க சிஸ்டத்துல திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கொழம்பி வரும். வாட்ஸ்அப்புல தமிழ் அடிக்கத் தெரியுமா, அப்ப உங்களுக்கு யூனிகோட் தெரியும், போன்லயே அடிச்சு அனுப்புங்க போதும். ஒரு பையன் வயலுக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டே வாய்ஸ் டைப்பிங்குல ஒரு முழுக் கதை சொல்லி அனுப்பினான், நடு நடுவுல மாட்ட வெரட்டுனதும் சேர்ந்து வந்துச்சு, அத மட்டும் எடுத்துட்டோம்.

ஏஐ-ட்ட எழுதி வாங்கினத வாங்குறது இல்ல. கண்டுபிடிக்க மெஷின் எதுவும் இல்ல, உக்கார வெச்சு எழுதினதப் பத்தி பேசச் சொல்லுவோம், அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

எங்க பொண்ணு வீட்டு விஷயத்த எல்லாம் எழுதியிருக்கா, ஊர்ல என்ன பேசுவாங்க?

போன வருஷம் ஒரு அம்மா வந்து கேட்டாங்க, கோவமா வரல, பயந்து வந்தாங்க. அந்தப் பயம் நியாயம். ஊர் சின்னது, பேரப் போட்டா தெரு தெரியும், தெருவப் போட்டா சாதி தெரியும்.

புனைபேர் வெச்சுக்கலாம். எழுத்தாளர் மௌனியோட பேரு மணி. ஞானக்கூத்தன் அரங்கநாதன். கரிச்சான் குஞ்சு கதை இன்னும் அழகு, கு.ப.ரா. கரிச்சான்ங்கற பேர்ல எழுதுவாரு, அவர் மேல இருந்த பிரியத்துல நாராயணசாமிங்கறவர் தன்ன கரிச்சானோட குஞ்சுன்னு வெச்சுக்கிட்டாரு, அவர்தான் பின்னாடி 'பசித்த மானிடம்' எழுதினவர். புனைபேர் வெச்சா நெசப் பேரு என்கிட்ட இருக்குற ஒரு நோட்டுல மட்டும் இருக்கும், கேட்டலாக்ல வராது. உயிரோட இருக்குற யாரையாவது அடையாளம் தெரியுற மாதிரி கேவலமா எழுதியிருந்தா நாங்களே கூப்பிட்டுப் பேசுவோம், பேர மாத்துங்க, ஊர மாத்துங்கன்னு. ஆனா உண்மைய எடுங்கன்னு சொல்ல மாட்டோம். அந்த அம்மாவுக்கு அவங்க பொண்ணு எழுதினத நானே படிச்சுக் காமிச்சேன். முழுக்க அவங்களப் பத்திதான் எழுதியிருந்தா, பத்து வீட்டுல பாத்திரம் தேச்சு படிக்க வெச்சதப் பத்தி. பேரோடயே போடுங்கன்னுட்டு போயிட்டாங்க.

நான் பி.காம், எனக்கு இலக்கியம் வருமா?

எம்.வி.வி. ஜரிகை வித்தாரு, வேதநாயகம் பிள்ளை கோர்ட்டுல தீர்ப்பு எழுதினாரு, தி.ஜா. பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்துட்டு ரேடியோவுக்குப் போனாரு. போன வருஷம் வந்ததுல நல்ல கதை ஒண்ணு கெமிஸ்ட்ரி பையன் எழுதினது.

தி.ஜா. புத்தகத்த ஸ்கேன் பண்ணி க்ளாஸ் குரூப்ல பிடிஎஃப் போடலாமா?

போடாதீங்க. நம்ம நாட்டுல காப்பிரைட் எழுத்தாளர் எறந்து அறுபது வருஷம் வரைக்கும் இருக்கு. தி.ஜா. எறந்தது 1982, அப்ப 2042 வரைக்கும் இருக்கு. கு.ப.ரா. 1944-லயே எறந்துட்டாரு, அறுபது வருஷம் எப்பவோ தாண்டிடுச்சு, அவர் கதைகள தாராளமா டைப் பண்ணிப் பகிரலாம், நாடகமா போடலாம், யார்கிட்டயும் கேக்க வேண்டாம். கல்கி மாதிரி சிலர் எழுத்த தமிழ்நாடு அரசே நாட்டுடைமை ஆக்கியிருக்கு, அதுவும் பொதுச்சொத்துதான். அதே சட்டம் உங்களுக்கும் உண்டு, நீங்க லைப்ரரிக்குக் குடுத்தாலும் உரிமை உங்களோடதுதான், நாளைக்கு ஏதாவது பத்திரிகைக்கு அனுப்பணும்னா எங்ககிட்ட பர்மிஷன் கேக்க வேண்டியதில்ல.

கவிதை நெறைய இருக்கு, நானே புத்தகமா போட்டா?

போடலாம், அவசரப்படாதீங்க. "முப்பதாயிரம் குடுங்க, புத்தகம் போட்டு விருதும் தர்றோம்"னு போன் வரும். எங்க பழைய மாணவி ஒருத்தி காதுத் தோட அடகு வெச்சுக் குடுத்துட்டு, ஐம்பது காப்பி வந்து பரண்ல கெடக்கு. ஒரு நல்ல பதிப்பாளர் எழுத்து பிடிச்சிருந்தா உங்ககிட்ட காசு கேக்க மாட்டாரு.

நீங்களே அச்சடிக்கிறதுன்னா ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தோட அடையாள நம்பருக்கு யாருக்கும் காசு குடுக்காதீங்க, ராஜா ராம்மோகன் ராய் பேர்ல இருக்குற மத்திய அரசு ஏஜென்சி ஆன்லைன்ல இலவசமா தருது. அச்சானதும் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு காப்பி, சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு காப்பி, மும்பையிலயும் டெல்லியிலயும் இருக்குற நூலகத்துக்கு ஒவ்வொண்ணு அனுப்பணும். இது 1954 சட்டம். பலபேர் அனுப்புறதே இல்ல, நம்ம ஊர் சின்னப் பதிப்புங்க காணாமப் போறதுக்கு அதுவும் ஒரு காரணம். எங்களுக்கும் ஒண்ணு குடுங்க.

பரிசு உண்டா?

இல்ல. எழுதின எல்லாருக்கும் அவங்களுக்குப் பிடிக்கும்னு நாங்க நெனைக்குற ஒரு புத்தகம் தருவோம். யாருக்கு எதுன்னு தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு மாசம் ஆகும், அந்த வேலைய நான் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன்.

காலேஜ்ல படிக்காதவங்க வரலாமா?

வாங்க. கேட்டுல பேரு எழுதிட்டு நேரா லைப்ரரி. காலைல பத்துலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். ரிட்டயர்டு வாத்தியாருங்க, தபால்காரர், கோயில் ஓதுவார்னு நெறைய பேர் வர்றாங்க. தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு தெரிஞ்ச ஆத்தாங்க இருந்தா கூட்டிட்டு வாங்க, எழுதத் தெரியாட்டி பரவால்ல, பசங்க பக்கத்துல உக்காந்து ரெக்கார்ட் பண்ணி, எழுதி, படிச்சுக் காமிச்சு, சரின்னு அவங்க சொன்னதுக்கப்பறம்தான் தொகுப்புல சேர்ப்பாங்க. ஆசிரியர் பேரு அந்த ஆத்தாவோடதுதான், எழுதி எடுத்தவங்க பேரு கீழ வரும்.

எங்க தாத்தா எழுதின நோட்டு ரெண்டு பரண்ல இருக்கு, ஓரமெல்லாம் கரையான். அதெல்லாம் எடுத்துக்குவீங்களா?

எடுத்துக்குவோம், தயவு செஞ்சு தூக்கிப் போட்டுடாதீங்க. உ.வே.சா. 1880-ல கும்பகோணம் காலேஜ்ல வாத்தியாரா சேர்ந்து, வேலையும் பாத்துக்கிட்டு ஏடும் தேடி அலைஞ்சு 1887-ல சீவக சிந்தாமணிய அச்சுல கொண்டு வந்தாரு, வீட்டு வீட்டுப் பரண்ல கெடந்ததுதான் அதெல்லாம்.

வெயில்ல காய வெக்காதீங்க, தாள் நொறுங்கிடும். நல்ல காத்தோட்டமா நெழல்ல ரெண்டு நாள் விரிச்சு வைங்க. கிழிஞ்ச எடத்துல செலோடேப் ஒட்டாதீங்க, லேமினேஷன் பண்ணவே பண்ணாதீங்க, அப்பறம் எடுக்கவே முடியாது. ஒட்டிக்கிட்ட பக்கத்த வெரலால பிரிக்காம அப்படியே விடுங்க. மண்ண தட்டணும்னா பெயின்ட் அடிக்குற பிரஷ் புதுசா ஒண்ணு வாங்கி மெதுவா தள்ளுங்க. பழைய பருத்தி வேட்டியில சுத்தி, தட்டையா ஒரு அட்டை மேல வெச்சு எடுத்துட்டு வாங்க, பிளாஸ்டிக் பை வேண்டாம். இங்க பக்கம் பக்கமா போட்டோ எடுத்துட்டு நோட்ட உங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடுவோம். தாத்தா பேரு, ஊரு, சுமாரா எந்த வருஷம், இந்த மூணையும் வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு ஒரு துண்டுச்சீட்டுல எழுதி உள்ள வைங்க, அவங்க இருக்கும்போதே கேட்டுடுங்க.